ஆறிடுச்சு என்று ஒட்டிய ஸ்டிக்கர்

நைனா,

இன்று கடை ஷட்டரை நான்தான் தூக்கினேன். இரண்டு நாளாகப் பூட்டிக் கிடந்த கடைக்குள் வெயில் இறங்கி, சுவரோரம் சுருள் சுருளாக நிற்கும் ஸ்டிக்கர் ஷீட்டுகள் சூடாகி, அந்தப் பசை வாசனை முகத்தில் வந்து அடித்தது. உன் சட்டையில் இருந்த வாசனை. சோப்பு போட்டுக் குளித்தாலும் உன் காதுக்குப் பின்னால் கொஞ்சம் மிச்சம் இருக்கும். நீ உள்ளேதான் இருக்கிறாய் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். அடுத்த நொடி உன்மேல் கோபம் வந்தது. இந்த ஒரு வருடமாக இப்படித்தான் வருகிறது. முதலில் நீ, பின்னாலேயே கோபம்.

பள்ளிக்கூடத்துக் கட்டுரையில் தந்தையை 'நீங்கள்' என்று எழுத வேண்டும். உன்னிடம் ஒருநாளும் நான் அப்படிப் பேசியதில்லை. கோபமாக எழுதும் கடிதத்தில் திடீரென்று மரியாதை வந்தால் நீயே சிரிப்பாய். அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

வீட்டில் நீ ஒட்டிய முதல் ஸ்டிக்கர் எனக்கு நினைவிருக்கிறது. அப்போது நான் இரண்டாம் வகுப்பு. சிமெண்ட் ஷீட் போட்ட வாடகை வீடு. ஒருநாள் சாயங்காலம் நீ வெள்ளி நிற ஷீட்டில் 'ஃப்ரிட்ஜ்' என்று வெட்டிக்கொண்டு வந்து சமையல் மூலையில், வெறும் சுவரில் ஒட்டினாய். அம்மா அதைப் பார்த்துவிட்டு அதன்மேலேயே ஆணி அடித்து முறத்தை மாட்டினாள்.

"ஃப்ரிட்ஜ் மேல முறத்த மாட்டாதடி, கதவு தொறக்க வராது" என்றாய்.

"தொறந்து எனக்கு ஒரு சொம்பு சில்லு தண்ணி எடுத்துக் குடு, அப்புறம் கழட்டறேன்" என்றாள் அம்மா.

அடுத்த வருடம் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது. நீ முறத்தைக் கழற்றி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, ஸ்டிக்கர் இருந்த இடத்தை அது சரியாக மறைக்கும்படி தள்ளி வைத்தாய். முதல் சொம்புத் தண்ணீரை அம்மாவுக்குக் கொடுத்தாய். இன்றைக்கும் அந்த ஃப்ரிட்ஜ் ஓடுகிறது. அதன் பின்னால் அந்த எழுத்து இருக்கிறது.

தளவானூர்ப் பக்கம் சொந்தமாக ஒரு கொல்லை கூட இல்லாத வீட்டில் பிறந்தவன் நீ. உன் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். நீ எட்டாவதோடு நின்று, செஞ்சிக்கு வந்து, வேறொருவரின் ஸ்டிக்கர் கடையில் பத்து வருடம் வேலை பார்த்தாய். அந்தப் பத்து வருடமும் உன் சாப்பாட்டு டப்பா மூடியின் உள்பக்கத்தில் 'ஓனர்' என்று ஒரு ஸ்டிக்கர் இருந்ததாம். தினமும் மதியம் மூடியைத் திறக்கும்போது மட்டும் நீ ஓனர் ஆவாயாம். இதைச் சொல்லிச் சொல்லி நீ சிரித்திருக்கிறாய். பிறகு திருவண்ணாமலை ரோட்டில், வாசலில் நின்றால் செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலைப் பாறைகள் தெரிகிற இடத்தில், நீயே கடை போட்டாய். அந்த டப்பா மூடியைக் கல்லாவுக்கு மேலே மாட்டினாய்.

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு நீ வாங்கித் தந்த பழைய சைக்கிளின் பின் மட்கார்டில் 'டாக்டர்' என்று ஒட்டினாய். எனக்கு வெட்கமாக இருந்தது. வகுப்பில் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னிடம் மருந்து கேட்டார்கள். வீட்டுக்கு வந்து அழுதபோது நீ சொன்னாய்: "சிரிக்கறவங்க சிரிக்கட்டும். நீ நெனச்சினே இரு."

ஆனால் நீ எல்லாருக்கும் எல்லாவற்றையும் ஒட்டித் தருபவன் இல்லை. ஒருமுறை அவலூர்பேட்டைக்காரர் ஒருவர் புது பைக்கோடு வந்து நின்றார்.

"அண்ணே, முன்னாடி 'போலீஸ்'னு ஒண்ணு ஒட்டுண்ணே."

"நீ போலீசா?"

"மச்சான் போலீசு."

"அப்ப மச்சான் வண்டிய எடுத்தா, ஒட்டறேன்."

"அட, உம் பொண்ணு சைக்கிள்ல மட்டும் டாக்டர்னு போட்டுக்கற. அது இன்னா டாக்டரா?"

நான் எழுத்துகளின் நடுவே இருந்த வேண்டாத துண்டுகளை ஊசியால் உரித்துக்கொண்டு, நீ என்ன சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ கோபப்படவில்லை. அவருக்கு டீ வரவழைத்தாய். "பொய் வேற, முன்னாடியே சொல்றது வேற" என்றாய். "பொய் சொன்னா அதுக்கப்புறம் வேல ஒண்ணும் கெடையாது, சொன்னதோட முடிஞ்சிது. முன்னாடியே சொல்லிட்டா, அதுக்கப்புறம் வேல செஞ்சே ஆவணும். எம் பொண்ணு செய்யுது. உனக்கு இன்னா வேல இருக்குது, சொல்லு."

அவர் டீயைக் குடித்துவிட்டு 'அங்காளம்மன் துணை' ஒட்டிக்கொண்டு போனார். அன்று நீ சொன்னதை நான் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். இப்போதும் இருக்கிறது. உன்மேல் நான் வைக்கும் குற்றச்சாட்டை நீயே எனக்கு எழுதிக் கொடுத்ததுபோல.

நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்தேனே, மனிதனின் எண்ணம் அவன் வாழ்க்கையை எப்படி அமைக்கிறது என்பதைப் பற்றி. பத்தாம் வகுப்பு விடுமுறை முழுவதும் கடையில் உட்கார்ந்து உனக்கு அதை வாசித்தேன். நீ மிஷினில் வெட்டுவாய், நான் ஒரு பக்கம் வாசிப்பேன், பிறகு ஊசியை எடுப்பேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையை ஆட்டுவாய். "இத நான் படிக்காமயே கண்டுபுட்சேன் பாரு" என்பாய். நீ சொல்லிவந்தது அச்சில் இருந்தது உனக்குப் பெருமை. என் அப்பா சொன்னது அச்சில் இருந்தது எனக்கு அதைவிடப் பெருமை. அந்தப் புத்தகத்தை நான் எடுத்து வந்திருக்கவே கூடாது என்று இடையில் சில மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஆடி அமாவாசைக்கு முந்தின நாள். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற வேன், ஆட்டோ, பைக் எல்லாம் நம் கடை வாசலில் நின்றன. அமாவாசை வேலை என்றால் கடைக்குள் யாருக்கும் செருப்பு கிடையாது. அம்மனின் முகமும் பெயரும் வெட்டின ஷீட்டுகளைத் தரையில்தான் விரித்து வைப்போம், அதன் நடுவே செருப்புக் காலோடு நடப்பதாவது. நீ காலையிலிருந்து வெறுங்காலோடு நின்றாய். கட்டர் பிளேடு மழுங்க மழுங்க, முனையை ஒடித்து ஒடித்து டப்பாவில் போட்டாய். ஒரு முனை டப்பாவுக்கு வெளியே விழுந்திருக்கிறது.

மஞ்சள் ஷீட்டின்மேல் சிவப்பாக ஒன்று இருந்தது. சிவப்பு ஷீட்டின் துண்டு தவறி ஒட்டிவிட்டது என்று நினைத்து நகத்தால் உரிக்கப் பார்த்தேன். அது என் விரலில் வந்தது.

"நைனா, ரத்தம்."

"யாருது?" என்று கேட்டாய்.

உன்னுடையது. உன் வலது கால் இரண்டாவது விரலுக்கு அடியில் பிளேடு முனை ஏறியிருந்தது. அதோடு எவ்வளவு நேரம் நடந்தாயோ தெரியாது. துண்டு உரிக்கிற இடுக்கியாலேயே பிடுங்கி எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். "பாத்தியா, வலியே இல்ல. மனசு கெட்டியா இருந்தா ஒடம்புக்கு ஒண்ணும் தெரியாது."

நான் நம்பினேன். அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் நடந்த மருத்துவ முகாமில் உனக்குச் சுகர் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். சுகர் இருந்தால் காலில் உணர்ச்சி மரத்துப்போகும் என்பதை நான் அப்புறம்தான் படித்தேன். நம் வீட்டில் சுகர் என்ற பேச்சை நீ எடுக்க விடமாட்டாய். "பேர சொல்லிச் சொல்லிக் கூப்புட்டா வந்து குந்திக்கும்" என்பாய். அம்மா மட்டும் வாயைத் திறக்காமல் உன் சோற்றைக் குறைத்து, கீரையைக் கூட்டி வைப்பாள். மாத்திரையை நீ சாப்பிடுவதாகத்தான் நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம்.

அமாவாசை கழிந்த எட்டாம் நாள், ஷீட் வாங்க விழுப்புரம் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாய். வெறுங்கையோடு திரும்பினாய். சரக்கு வரவில்லை என்றாய். மறுநாள் சாயங்காலம் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது என்னை பீரோவண்டை கூப்பிட்டாய். உன் கையில் பச்சை நிறத்தில், என் விரல் நீளத்துக்கு ஒரு ஸ்டிக்கர் இருந்தது. 'ஆறிடுச்சு.'

"பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டு" என்றாய்.

"ஏன் நைனா, உள்ள?"

"அம்மா பாத்தா கேப்பா. கேட்டா பயப்படுவா. அவ பயம் வீடு பூரா சுத்தும். நீயும் நானும் நம்பறோம் இல்ல, அது போதும். யாருக்கும் சொல்லாத."

நான்தான் ஒட்டினேன், நைனா. காற்றுக் குமிழ் இல்லாமல், நீ சொல்லிக்கொடுத்த மாதிரி ஸ்கேலை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி ஒட்டினேன். வீட்டில் உன்னை நம்புவதற்கு என்னை மட்டும் தேர்ந்தெடுத்தாய் என்று அன்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா.

அதன்பிறகு நீ வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டுக்கொண்டாய். ஒரு வாரத்தில் நீ படுக்கிற அறையில் ஒரு நாற்றம் வந்தது. முதலில் அம்மாதான் கவனித்தாள்.

"இன்னாடி நாத்தம் இது?"

எனக்குத் தெரியும். சாக்ஸைத் துவைக்கப் போட்டது நான். அதில் என்ன இருந்தது என்று பார்த்தவள் நான். நம்பிக்கை உடைந்துவிட்டால் புண் ஆறாது என்று பயந்தேன். நான் சொல்லாமல் இருப்பதுதான் உனக்கு மருந்து என்று நினைத்தேன்.

"எலி செத்திருக்கும்மா" என்றேன்.

அம்மா அரிசி டிரம்மை நகர்த்தினாள். பீரோவுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவினாள். முட்டி போட்டுக் குனிந்து, டார்ச் அடித்து, செத்த எலியைத் தேடினாள். நீ கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு காட்சியைத்தான் என்னால் இன்னும் தாண்ட முடியவில்லை.

எலி தேடிய ஆறாம் நாள் காலை உனக்குக் குளிர்ந்து நடுங்கியது. போர்வைமேல் போர்வை போட்டும் நிற்கவில்லை. சாக்ஸை அம்மா கழற்றினாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ஆம்புலன்ஸில் விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குள் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது. மூன்றாம் நாள் நீ இல்லை. இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அங்கே ஒரு டாக்டர் கேட்டார். முதலிலேயே வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும் என்றார். டாக்டர் என்ற சொல்லை நான் முதல்முறையாக வெறுத்தது அப்போதுதான்.

இவ்வளவு வரைக்கும்கூட உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நாம் இருவரும் நம்பினோம், நம்பிக்கை போதவில்லை, என் பக்கம்தான் எங்கோ ஓட்டை இருந்திருக்கிறது என்று நினைத்தேன். சாக்ஸைப் பார்த்து நான் அருவருத்த அந்த நிமிடம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்றுகூட நினைத்தேன். உன் காரியம் முடிந்த மறுவாரம், கடையைத் திறக்கலாம் என்று அம்மா சொன்னாள். மிஷின் மேசையின் இழுப்பறையை நான் சுத்தம் செய்தேன். கழிவுத் துண்டுகள் போட்ட பைக்கு அடியில், நான்காக மடித்த ஒரு சீட்டு இருந்தது.

திண்டிவனத்து டாக்டர் ஒருவரின் சீட்டு. உன் பெயர், வயது. தேதியைப் பார்த்தேன். நீ ஷீட் வாங்கப் போன அதே நாள். சுகர் எவ்வளவு என்று எழுதியிருந்தது. கீழே ஆங்கிலத்தில், வலது கால் இரண்டாவது விரலை எடுக்க வேண்டும், உடனே அட்மிட் ஆக வேண்டும் என்று இருந்தது. எனக்கு அர்த்தம் புரிந்துவிட்டது. இருந்தாலும் அகராதியை எடுத்து ஒரு சொல்லைப் பார்த்தேன். வேறு அர்த்தம் ஏதாவது இருக்காதா என்றுதான்.

சீட்டைத் திருப்பினேன். பின்பக்கத்தில் உன் கையெழுத்து. பென்சிலால் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் 'ஆறிடுச்சு' என்று எழுதி, பக்கத்தில் '3 இன்ச், பச்சை' என்று குறித்திருந்தாய்.

விரலை எடுக்கச் சொன்ன சீட்டின் பின்பக்கத்திலேயே அளவு போட்டிருக்கிறாய்.

நீ நம்பி ஏமாந்திருந்தால் உன்னோடு சேர்ந்து அழுதிருப்பேன். நீ நம்பவில்லை, நைனா. உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே என்னைக் கூப்பிட்டு ஒட்டச் சொன்னாய். 'நீயும் நானும் நம்பறோம் இல்ல' என்று சொன்னபோது அங்கே நம்பியது நான் ஒருத்திதான். அவலூர்பேட்டைக்காரரிடம் சொன்னாயே, முன்னாடியே சொல்லிவிட்டால் வேலை செய்தே ஆக வேண்டும் என்று. செய்ய வேண்டிய வேலை அந்தச் சீட்டில் எழுதியிருந்தது. பஸ் ஏறிப் போய்ப் படுப்பதுதான் வேலை. அதைச் செய்யாமல் ஒட்டினாய். உன் கணக்குப்படியே அது பொய்.

ஏன் என்று பல நாள் யோசித்தேன். பிறகு பெரியப்பா நினைவுக்கு வந்தார். உன் அண்ணன். அவருக்கும் சுகரில்தான் ஒரு கால் போனது. தளவானூருக்குப் போகும்போதெல்லாம் நீ அவர் வீட்டு வாசற்படியைத் தாண்ட மாட்டாய். நின்றபடியே, அவர் முகத்தைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டு பேசுவாய். "உள்ள வந்து குந்துடா, கால் போனது எனக்குத்தான், உனக்கு இன்னா" என்று அவர் கேலி செய்வார். நீ சிரிக்க மாட்டாய். திரும்பி வரும் பஸ்ஸில் ஒருமுறை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "கால் போன ஆள ஊர்ல ஆளாவே சேக்க மாட்டானுங்க." என்னிடம் சொன்னாயா, உனக்கே சொல்லிக்கொண்டாயா என்று தெரியவில்லை.

எண்ணம் வாழ்க்கையை அமைக்கிறது என்பது உண்மைதான். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. முழுப் பொய் என்றால் தூக்கிப் போட்டுவிடலாம். ஃப்ரிட்ஜ் ஓடுகிறது, ஓனர் மூடி மேலே தொங்குகிறது, இந்தக் கடை உன் நினைப்பில் இருந்துதான் வந்தது. ஆனால் நீ வெட்டி ஒட்டின எண்ணங்கள் வேறு, ஒட்டாமல் வைத்திருந்த எண்ணம் வேறு. விரல் போனால் நான் பழைய இடத்துக்கே போய்விடுவேன், கூலிக்காரன் வீட்டு நொண்டி ஆகிவிடுவேன் என்கிற அந்த ஒரு நினைப்பை நீ எந்தச் சுவரிலும் ஒட்டவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. நம் வீட்டின் கதி எப்படி ஆகவேண்டும் என்று முடிவு செய்தது அதுதான். நான் வாசித்துக் காட்டிய புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு பக்கமும் இல்லை.

சீட்டை அம்மாவிடம் காட்டினேன். எலியைப் பற்றியும் சொன்னேன். அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், சின்னப் பெண், உனக்கென்ன தெரியும் என்று அணைத்துக்கொள்வாள் என்றும் நினைத்தேன். இரண்டையும் செய்யவில்லை. சீட்டை மடித்து என் கையிலேயே கொடுத்தாள்.

"நெனப்பு நெனப்புன்னு ரெண்டு பேரும் சேந்துகினு என்னத் தனியா வுட்டுட்டீங்க" என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தூக்கிக்கினு போயிருப்பேன் அந்த மனுசன. வெரலு இல்லன்னா இன்னா, எனக்கு ஆளு இருந்திருப்பாரு."

அப்போதுதான் தெரிந்தது. நீ என்னை ஏமாற்றினாய், நான் அவளை ஏமாற்றினேன். உன்னைத் திட்டும்போதெல்லாம் இதில் வந்து நின்றுவிடுகிறேன்.

பீரோக் கதவிலிருந்து அந்தப் பச்சை ஸ்டிக்கரை உரித்தேன். நல்ல ஷீட், கிழியாமல் ஒரே துண்டாக வந்தது. அதை அந்தச் சீட்டின் பின்னால், நீ போட்ட கட்டத்தின் மேலேயே ஒட்டினேன். அளவு சரியாக இருந்தது. இப்போது அது என் உயிரியல் புத்தகத்துக்குள் இருக்கிறது. சைக்கிளில் இருந்த 'டாக்டர்' ஸ்டிக்கரையும் அதே வேகத்தில் சுரண்டி எடுத்தேன். ஆனால் பசை போகவில்லை. ரோட்டுப் புழுதி அதில் ஏறி, அதே எழுத்து இப்போது மண் நிறத்தில், முன்பைவிட நன்றாகத் தெரிகிறது. "மண்ணெண்ண போட்டுத் தேச்சா போயிடும்" என்று அம்மா இரண்டுமுறை சொன்னாள். மண்ணெண்ணெய் கடையில்தான் இருக்கிறது. நான் தொடவில்லை.

போன வாரம் நம்பர் பிளேட்டுக்கு வந்த ஒருவர் வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இங்க டாக்டரு?" என்று கேட்டார்.

அம்மா மிஷினை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "இன்னும் இல்ல" என்றாள். "ப்ளஸ் டூ படிச்சிக்கினு இருக்குது."

இன்னும் இல்ல. இப்படி ஒரு பேச்சு நம் வீட்டில் உன் காலத்தில் கிடையாது. உனக்கு எதுவாக இருந்தாலும் ஆயிடுச்சு, வந்துடுச்சு, ஆறிடுச்சு. எனக்கு அம்மாவின் பேச்சில் காலை ஊன்ற இடம் கிடைக்கிறது. அன்று விரும்பிப் பாடத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், நீ போனபிறகு முதல்முறையாக.

நாளை அமாவாசை. இன்று முழுக்க வண்டிகள். அம்மனின் ஷீட்டுகளைத் தரையில்தான் விரித்தோம். செருப்பை வாசலில்தான் விட்டோம். அதை மாற்றலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன், அம்மா ஒப்பவில்லை. ஆனால் வேலை முடிந்ததும் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தில் கயிறு கட்டி, தரை முழுக்க இழுக்கிறோம். இன்று மூன்று முனைகள் ஒட்டி வந்தன. பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நானும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து, அவள் கால் என் மடியில், என் கால் அவள் மடியில். விரல் விரலாகப் பிரித்து, உள்ளங்காலைத் திருப்பி, வெளிச்சத்தில் பார்க்கிறோம். எனக்குக் கூச்சம் எடுத்துச் சிரிப்பு வரும். "ஆடாத இருடி" என்று அம்மா குதிகாலில் ஒரு அடி வைப்பாள்.

இன்றைக்கு எங்கள் இரண்டு பேர் காலிலும் ஒன்றும் இல்லை. பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், நைனா.